விமானமே இல்லாத ஸ்குவாட்ரன்

கம்பத்திலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு மோட்டார் கேபிள் அளந்து வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. எடுத்ததும் ஓர் இளம் குரல் இந்தியில், "ஸ்குவாட்ரன் லீடர் மேடம்தானே?" என்று கேட்டது. அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. தேனி அல்லிநகரத்தில் எனக்கு மோட்டார்கடை அக்கா என்றுதான் பெயர். கட்டிங் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, "ஆமாம், சொல்லுங்கள்" என்றேன்.

விமானப்படையில் நான் கடைசியாக வேலை பார்த்த பிரிவிலிருந்து பேசினார், அங்கே இப்போது நிர்வாகம் பார்க்கும் இளம் அதிகாரி. பிரிவின் பெரிய ஆண்டுவிழா வருகிறது. வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார்கள். ஆரம்ப காலத்தைப் பற்றி இப்போது அங்கே இருக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. என் காலத்தில் பிரிவின் ஆண்டுமலரைத் தொகுத்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உங்களால் முடியுமா மேடம்?"

"முடியும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

கேபிளுக்காக நின்றவர், "என்னக்கா, கலெக்டர் ஆபீஸா?" என்றார்.

"பழைய ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு மீதியை அளந்தேன்.

எங்கள் ஸ்குவாட்ரனில் விமானம் கிடையாது. ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், "எத்தன பிளேன் ஓட்டுன?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஒன்றும் ஓட்டவில்லை, ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்வது என் வேலை என்பேன். கேட்டவர் முகம் விழுந்துவிடும். அப்பா கடைக்கு வருகிறவர்களிடம், "வானத்துல டிராபிக் போலீஸ்" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கு அது பிடிக்காது. டிராபிக் போலீஸ் வண்டியைக் கண்ணால் பார்ப்பவர். நாங்கள் ஒரு விமானத்தையும் பார்த்ததில்லை. ஜன்னல் இல்லாத இருட்டறை, எதிரே ராடார் திரை, காதில் ஹெட்போன், வாய்க்கு நேராக மைக். திரையில் நகரும் புள்ளிதான் விமானம். எல்லையை நோக்கி யாராவது வந்தால் அவர் யார், நம்மவரா மற்றவரா என்று கண்டுபிடித்து, நம் போர் விமானத்தை எழுப்பி, எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று சொல்லி, எதிரியின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முடிந்ததும் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். இதற்குத்தான் கமாண்ட் அண்ட் கன்ட்ரோல் என்று பெயர். பைலட்டுக்கு எங்கள் முகம் தெரியாது. குரல் தெரியும்.

என் குரல் நல்ல குரல். தன்னடக்கமெல்லாம் வேண்டாம், அதுதான் உண்மை. தேனி கடைத்தெருவில் லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், ஆனால் மைக்கில் கத்தாது. ஒருமுறை பாலைவனத்தில் மணல்காற்று கிளம்பி, கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் ஓடுபாதை மறைந்துபோனது. பயிற்சிக்குப் போன இரண்டு விமானங்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்த தளத்துக்குப் போகும் அளவுக்கு எரிபொருள் இல்லை. இருவரில் ஒருவர் படைக்கே புதிது, மூச்சு வாங்குவது ஹெட்போனில் கேட்டது. மணல்காற்றின் ஓரம் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வழியாகவே இருவரையும் ஒருவர் பின் ஒருவராக இறக்கினேன். இறங்கியதும் அந்தப் புதியவர், "நீங்கள் என்ன ஊர்?" என்று கேட்டார். "தேனி" என்றேன். "அது எங்கே இருக்கிறது?" என்றார். "இறங்கியாச்சில்லையா, இனி வரைபடத்தில் தேடுங்கள்" என்று சொல்லிவிட்டு மைக்கை அடுத்தவளிடம் கொடுத்தேன். வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தது நினைவிருக்கிறது.

அப்படி ஒரு வேலையின் வரலாற்றை எழுதச் சொன்னால் மாட்டேன் என்பேனா?

பிரிவிலிருந்து ஈமெயிலில் வந்ததைப் பார்த்தபோதுதான் சிரமம் புரிந்தது. தளபதிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எந்த ஆண்டு எந்த ராடார் வந்தது, எது போனது என்று இருந்தது. கூடாரங்களுக்கு முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஆட்களின் படங்கள் இருந்தன, யார் யாரென்று தெரியாது. ஒரு மனிதர் வாய்திறந்து பேசிய பேச்சு அதில் ஒன்றுகூட இல்லை. தளபதிகளை மட்டும் வைத்து வரலாறு எழுதுவதென்றால் அதற்கு நான் எதற்கு?

முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. காலை வணக்கமும் பென்ஷன் செய்தியும்தான் அதிகம் வரும். அதில் பிரிவின் பெயரைப் போட்டு, ஆரம்ப நாளில் அங்கே இருந்தவர் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. கூடலூரில் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற சார்ஜெண்ட். ஜீப் வைத்திருக்கிறார், திராட்சைத் தோட்டமும் உண்டு. படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் கடையிலேயே இரண்டு தடவை மோட்டார் வாங்கிய மனிதர். இரண்டு தடவையும் பேரத்தில் என்னைத் திணறடித்தவர். எங்கள் பேச்சு எப்போதும் குதிரைத்திறனைத் தாண்டிப் போனதில்லை.

மறுநாள் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு கூடலூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். விடிவதற்குள் குமுளி மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போன ஜீப்புகள் திரும்பி வந்து அவர் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றிருந்தன. அவர் ஒரு ஜீப்பின் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு, "ஏலே, ஆயில் பாத்தியா இல்லையா?" என்று டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார். ஆள் நல்ல உயரம். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை.

என்னைப் பார்த்ததும், "வா ஆத்தா, மோட்டார்க்காரக. என்ன, கம்பெனில இருந்து வாரண்டிக்கு ஆள் அனுப்பச் சொன்னா நீயே வந்துட்ட?" என்றார்.

"மோட்டாருக்கு வரல பெரியப்பா. நானும் ஏர்ஃபோர்ஸ்தான். நீங்க இருந்த யூனிட்டுலதான் நானும் இருந்தேன்" என்றேன். பிரிவின் எண்ணைச் சொன்னேன்.

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "நீ என்னவா இருந்த?"

"கன்ட்ரோலர். ஸ்குவாட்ரன் லீடரா வெளிய வந்தேன்."

சட்டென்று குதிகாலைச் சேர்த்து நின்றார். "மேடம்!" என்றார். டிரைவர் வாயைப் பிளந்தான். "அய்யய்ய, ஒக்காருங்க பெரியப்பா" என்று நான் பதறினேன். அன்று முழுக்க அவருக்கு அந்தக் குழப்பம் தீரவில்லை. ஒரு வாக்கியத்தில் மேடம் என்பார், அடுத்த வாக்கியத்தில் ஆத்தா என்பார்.

அவருடைய வீட்டம்மா காபி கொண்டுவந்தார். "இவுக அந்தக் கதைய ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குத்தான் முடிப்பாக. நீ சாப்புட்டுத்தான் போகணும், சொல்லிப்புட்டேன்" என்றார்.

"எந்தக் கதை பெரியம்மா?"

"கண்ணாடில வரஞ்ச கதை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்குறேன்."

நான் போனில் பதிவை ஓடவிட்டேன். அவர் சொன்னார்.

பிரிவு கூடாரத்தில்தான் தொடங்கியது. ராடார் லாரியின் மேல் வந்து இறங்கியது. தண்ணீரும் லாரியில் வரும். இன்றைக்குப் போலத் திரையைப் பார்த்து ஒரே ஆள் எல்லாம் செய்வது அப்போது கிடையாது. ராடார் வண்டியில் ஒருவர் உட்கார்ந்து, புள்ளி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணாகச் சொல்வார். பெரிய கூடாரத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை நிற்கும். அதில் எல்லையும் ஊர்களும் வரைந்திருக்கும். பலகைக்கு முன்னால் மேடை, அங்கே கன்ட்ரோலர் அதிகாரி. பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கள் சார்ஜெண்ட், அன்றைக்கு இருபது வயதுப் பையன். காதில் விழுகிற எண்ணுக்குப் பலகையில் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பார். அதிகாரிக்கு மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பின்பக்கம். அதனால் எழுத்தையும் எண்ணையும் இடவலமாகத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும்.

"மூணு மாசம் கையப் புடிச்சு ஒடிச்சாக மேடம். அப்புறம் நேரா எழுதத்தான் மறந்துபோச்சு. வீட்டுக்கு லெட்டர் போட்டா எங்கப்பா, ஒனக்கு என்னாச்சுன்னு கேட்டாக."

அப்புறம் போர் வந்தது. நம் விமானங்கள் எல்லை தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். எல்லாரும் திரும்பிவிட்டதாகக் கணக்கு. அப்போது எல்லைப் பக்கமிருந்து ஒற்றையாக ஒரு புள்ளி. கூப்பிட்டால் பதில் இல்லை. வழக்கமாக நம்மவர்கள் வரும் பாதையிலும் இல்லை. எதிரி என்று பலகையில் குறித்தாகிவிட்டது. விமானத்தைச் சுடும் பீரங்கிக்காரர்கள் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் புள்ளி வச்சுக்கிட்டே போறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நேரா வராம திரும்புது. மறுபடி திரும்புது. இன்னொருக்கா திரும்புது. பாத்தா முக்கோணம், ஆத்தா! அப்பத்தான் பொறி தட்டுச்சு. ரேடியோ செத்துப்போனவன் போடுற முக்கோணம்டா இது, நம்ம பையன்டான்னு."

அந்த முக்கோணம் எனக்கும் தெரியும். பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ரேடியோ கெட்டுப்போன பைலட் ராடார்காரனின் கவனத்தைத் திருப்ப வானத்தில் முக்கோணமாகச் சுற்றுவார். பேசத்தான் முடியவில்லை, காது கேட்கிறது என்றால் வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பிச் சுற்றுவார். பேசவும் முடியாது, கேட்கவும் கேட்காது என்றால் இடப்பக்கமாக. வலது என்றால் கீழேயிருந்து பேசினால் போதும், அவர் கேட்டு நடப்பார். இடது என்றால் பேசிப் பயனில்லை, இன்னொரு விமானத்தை அனுப்பிக் கூட்டிவர வேண்டும்.

"கண்ணாடிய டொக்கு டொக்குன்னு தட்டுனேன். முன்னால ஆபீசர் வேற மூலையப் பாத்துக்கிட்டிருந்தாக. தட்டவும் திரும்பிப் பாத்தாக. பாத்ததும் அவுகளுக்குப் புரிஞ்சுபோச்சு. பீரங்கிக்காரன் கூடாரத்துக்குப் போற போன் லைன் அன்னைக்குன்னு பாத்து வேல செய்யல. என்னையப் பாத்து, ஓடு, சுட வேணாம்னு சொல்லுன்னு கத்துனாக. ஹெட்போனக் கழட்டி எறிஞ்சுட்டு மணல்ல ஓடுனேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் விரல் வச்சிருந்தான் மேடம். எடுக்கச் சொல்லிட்டுத்தான் மூச்சே விட்டேன்."

திரும்பி வந்தபோது விமானம் இறங்கியிருந்தது. அதிகாரியைச் சுற்றி நின்று எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கிலேயே பேசிப் பேசி இறக்கிவிட்டார் என்றார்கள்.

இந்த இடத்தில் அவர் குரல் மாறியது. "அது பொய். அவன் போட்டது எடது முக்கோணம். நான் வரஞ்ச கை, எனக்குத் தெரியாதா? அவனுக்குக் காதே கேக்கல. கீழ ரயில் பாதையப் பாத்து அவனா வந்து எறங்குனான். இவுக சும்மா செவுடன்கிட்டப் பேசிட்டுப் பாராட்டு வாங்கிட்டாக. ஒரு வாரத்துல என்னைய வேற ஊருக்கு மாத்திட்டாக. யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் இதை இப்படியே சுமந்திருக்கிறார். கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக அப்படியே எழுதிவிட முடியாது.

"பெரியப்பா, அந்த ஆபீசரக் கேக்காம நான் இத எழுத மாட்டேன்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. "ஓஹோ. ஆபீசருக்கு ஆபீசர்தான் சப்போர்ட்டா மேடம்?"

"நீங்க சொன்னதையும் அப்படியே நம்பல, அவுக சொல்லப்போறதையும் அப்படியே நம்ப மாட்டேன். ரெண்டு பேரையும் வச்சுக் கேப்பேன்."

பெரியம்மா உள்ளேயிருந்து, "நல்லாக் கேளு தாயி" என்றார்.

அந்த அதிகாரி குரூப் கேப்டனாக ஓய்வுபெற்று டேராடூனில் இருந்தார். பிரிவு வாங்கித் தந்த எண்ணில் அன்று ராத்திரியே பேசினேன். குரலில்தான் நடுக்கம், நினைவில் தடுமாற்றம் இல்லை. முக்கோணத்தைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார். வலப்பக்க முக்கோணம், சந்தேகமே இல்லை. மைக்கில் மூன்று திருப்பம் சொன்னேன், மூன்றையும் செய்தான், அதனால்தான் அவனுக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும் என்றார். பலகைக்குப் பின்னால் இருந்த பையனை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"தட்டினானே, அவனா? அவன் தட்டவில்லை என்றால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கேட்கலாம் என்று போனால் அனுப்பிவிட்டிருந்தார்கள்."

தட்டியது, ஓடியது எல்லாம் பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஒருவர் வலது என்கிறார், இன்னொருவர் இடது என்கிறார். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. மறதி என்றும் தோன்றவில்லை. மறந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

விடை மறுநாள் கடையில் கிடைத்தது. கடையின் கண்ணாடிக் கதவில் தள்ளுபடி அறிவிப்பை ஒட்டியிருந்தோம். மெல்லிய தாள். உள்ளே கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்தால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், அதில் போட்டிருந்த அம்புக்குறியும் எதிர்ப்பக்கம் காட்டும். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் அந்த அம்பைப் பார்த்து எழுந்து நின்றேன்.

டேராடூனுக்குப் போன் போட்டு, நாளைக்குக் காலை வீடியோவில் வர முடியுமா என்று கேட்டுவிட்டு, திரும்பவும் கூடலூருக்குப் போனேன்.

கொட்டகையில் நின்ற ஒரு ஜீப்பைக் காட்டி, "உள்ள ஏறி ஒக்காருங்க பெரியப்பா. இந்த முன்கண்ணாடிதான் உங்க போர்டு. அன்னைக்கு வரஞ்ச மாதிரியே வரைங்க" என்றேன். பெரியம்மா குளியல் சோப்பின் மிச்சத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஜீப்புக்கு முன்னால் நின்று போனை உயர்த்திப் பிடித்தேன். போனில் டேராடூன்காரர், சால்வை போர்த்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

சார்ஜெண்ட் முதலில் ஓர் எண்ணை எழுதினார். உள்ளேயிருந்து கிறுக்கலாகத் தெரிந்திருக்கும், வெளியே நின்ற எனக்கு அச்சடித்ததுபோல நேராகத் தெரிந்தது. கை தயங்கவே இல்லை. பிறகு புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாக வைத்து, இணைத்து, ஒவ்வொரு முனையிலும் அம்பு போட்டார். முடித்துவிட்டு உள்ளிருந்தே கத்தினார்: "பாத்துக்கங்க. எடது!"

போனிலிருந்து இந்தியில் குரல் வந்தது. "இதோ, இதுதான்! இதைத்தான் நான் பார்த்தேன். வலது!"

"என்ன சொல்றாக?" என்று கேட்டார் பெரியம்மா. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றேன். "ஒரே படத்தையா?" என்றார். பிறகு அவரே என் பக்கம் வந்து நின்று கண்ணாடியைப் பார்த்தார். ஜீப்புக்குள் ஏறிக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தார். "இந்தா, உள்ள இருந்து பாத்தா ஒரு பக்கம் போகுது, வெளிய நின்னா மறுபக்கம்ல போகுது!"

"எண்ணத்தான் பெரியப்பா திருப்பி எழுதுனீக. கோட்டத் திருப்பல, அது காதுல விழுந்த கட்டத்துல தானா விழுந்தது" என்றேன். "பின்னால நின்ன ஒங்களுக்குக் கெழக்கு எந்தப் பக்கம்?"

அவர் சோப்பை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையைத் தூக்கி, மடக்கி, திரும்பவும் தூக்கினார். "எடது கைப் பக்கம்" என்றார் மெதுவாக. "முன்னால நின்னவுகளுக்கு வலது." சோப்பை டேஷ்போர்டில் வைத்தார். ஜீப்பை விட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, தான் வரைந்ததை முதல் தடவையாக முன்னாலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குச் சற்றுப் பயமாகக்கூட இருந்தது. இந்த வயதில் ஒருவரிடமிருந்து அவருடைய கோபத்தை எடுத்துவிடலாமா என்று அப்போதுதான் யோசித்தேன்.

பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தார். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, அட்டென்ஷனில் நின்று, துருப்பிடித்த இந்தியில், "சார், அவனுக்குக் கேட்டிருக்கிறது சார்" என்றார்.

"கேட்டது. உன் பெயர் என்ன?" என்றார் அங்கிருந்தவர்.

இவர் பெயரைச் சொன்னார், பழைய எண்ணோடும் ரேங்கோடும். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். கூடாரத்துக்குள் பாம்பு வந்தது, தண்ணீர் லாரி கவிழ்ந்தது என்று பேச்சு எங்கெங்கோ போனது. போனில் சார்ஜ் தீர்ந்ததும்தான் நின்றது. அன்றைக்குச் சாப்பாட்டில் பெரியம்மா எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு மீன் வைத்தார்.

நான் எழுதினேன். இரண்டு பேர் சொன்னதையும் எழுதி, கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் விளக்கி, அந்தப் பைலட் உயிரோடு இறங்கியதில் தட்டிய விரலுக்கும் பேசிய வாய்க்கும் மணலில் ஓடிய காலுக்கும் என்ன பங்கு என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். கூடாரத்திலிருந்து இருட்டறைக்கும், மெழுகுப் பென்சிலிலிருந்து கணினிக்கும் பிரிவு வந்த கதையில் இதுதான் முதல் அத்தியாயம்.

இளம் அதிகாரி போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். அதிகாரி சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று மேலே கேட்கிறார்களாம். சார்ஜெண்ட் சொன்னதற்கு ஆவணம் இல்லையாம், படிப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்குமாம்.

"அதிகாரி சொன்னதற்கு மட்டும் என்ன ஆவணம் இருக்கிறது?" என்று கேட்டேன்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே படத்தை ஆளுக்கொரு பக்கமிருந்து சொல்லியிருக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. இந்த அத்தியாயம் அப்படியே வரும். இல்லையென்றால் என் பெயர் இல்லாமல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. மைக்கில் திசை சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அந்தக் குரலுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. சில நாள் கழித்து பிரிவின் தளபதியே பேசினார். ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, விழாவுக்கு அந்த இருவரையும் கூட்டிவர முடியுமா என்று கேட்டார்.

கூடலூர்க்காரரைக் கிளப்புவதுதான் பெரிய வேலையாக இருந்தது. திராட்சை வெட்டு இருக்கிறது, ஜீப்பை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் பெரியம்மாதான் உண்மையை உடைத்தார். "இவுகளுக்குப் பிளேன்ல ஏறப் பயம், தாயி. இதுவரைக்கும் ஏறுனதே இல்ல."

நம்பமுடியாமல் அவரைப் பார்த்தேன். விமானப்படையில் அத்தனை வருஷம் இருந்த மனிதர்.

"நமக்கு ரயில் பாஸ்தான குடுத்தாக மேடம்" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மதுரையில் ஏறினோம். பெரியம்மாவை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு நடுவில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேலே எழும்பியதும் அந்தம்மா, "கண்ணத் தொறந்து பாருங்க, வைகை தெரியுது" என்று அவர் தொடையில் தட்டினார். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அப்புறம் இரண்டையும். சென்னை வரும்வரை பெரியம்மாவின் மடிமேல் சாய்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் வேறு விமானம் மாறிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். விழாவில் பேச்சு, பரிசு, பாண்டு வாத்தியம் எல்லாம் நடந்தன. அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், மற்றவர்களுக்கு வேறு மெஸ் என்பது படையின் வழக்கம். அன்று பெரிய பந்தல் போட்டு எல்லோருக்கும் ஒரே இடத்தில் சாப்பாடு. சக்கர நாற்காலியில் வந்திருந்த குரூப் கேப்டனின் தட்டில் பெரியம்மா கூடலூரிலிருந்து சுமந்துவந்த பன்னீர் திராட்சையை அள்ளி வைத்தார். "சாப்புடுங்க, மருந்தடிக்காதது" என்றார் தமிழில். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். சார்ஜெண்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் துப்பும் விதைக்குக் காகிதக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, பழைய பழக்கத்தில், கன்ட்ரோல் அறை இருக்கும் பக்கமாக நடந்தேன். இரும்புக் கதவு. உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஷிப்ட் மாறும் நேரம். கதவு திறந்து ஒரு பெண் அதிகாரி வெளியே வந்தாள். இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததால் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காதோரம் ஹெட்போன் அழுத்திய தடம் சிவந்திருந்தது. என் அழைப்பிதழ் அட்டையில் பெயரைப் படித்துவிட்டு, "மேடம், அந்த முதல் அத்தியாயம் எழுதியது நீங்களா?" என்றாள்.

"நான்தான்."

"நாங்கள் எல்லோரும் படித்தோம். எங்கள் ஷிப்டில் போன மாதம் இப்படித்தான் ஒரு புள்ளி..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். சொல்லக் கூடாத விஷயம் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. "சொல்ல முடியாது மேடம்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"சொல்லாதே. முதலில் போய்ச் சாப்பிடு. அந்தப் பக்கம் ஒரு அம்மா திராட்சை வைத்திருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள்" என்றேன்.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பந்தலை நோக்கி வேகமாக நடந்தாள்.